நூற்றுப் பதினெட்டு கிலோ நேர்மை

அந்த ஏணிக் கம்பெனியில் அவருக்குக் கொடுக்கப்பட்டிருந்த வேலை, கனமாக இருப்பது. மற்றவர்கள் அலுமினியக் குழாயை வெட்டினார்கள், துளை போட்டார்கள், ரிவெட் அடித்தார்கள், லேபிள் ஒட்டினார்கள். அவர் ஏறி நின்றார். ஒவ்வோர் ஏணியின் பக்கவாட்டிலும் '150 கிலோ தாங்கும்' என்று மஞ்சள் லேபிள் இருக்கும். அது உண்மைதானா என்று பார்க்க, இரண்டு தோளிலும் பதினாறு கிலோ இரும்புக் கல் ஒவ்வொன்றைப் பட்டையில் மாட்டிக்கொண்டு, மூன்றாவது படியில் ஏறி, அறுபது எண்ணும் வரை அசையாமல் நிற்பார். கற்கள் இரண்டும் முப்பத்திரண்டு கிலோ. அவர் நூற்றுப் பதினெட்டு. ஆக மொத்தம் நூற்றைம்பது.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் அந்த வேலையை ஆறு மணல் மூட்டைகள் பார்த்துவந்தன. எலி கடித்ததோ தையல் விட்டதோ, ஒருநாள் காலை ஆறும் வயிறு கிழிந்து கிடந்தன. புது மூட்டை வேண்டுமென்றால் தலைமை அலுவலகத்துக்குக் கடிதம் எழுத வேண்டும். எழுதினால் பழைய மூட்டை என்ன ஆயிற்று என்று கேட்பார்கள். அதற்கும் பதில் எழுத வேண்டும். கிளை மேலாளருக்கு இவ்வளவு எழுத்துவேலை உடம்புக்கு ஆகாது. எதைக் கொண்டுபோனாலும் "பாத்துக்கலாம்" என்று சொல்லி அனுப்பிவிடுவார். முதுகுக்குப் பின்னால் அவருக்குப் பெயரே பாத்துக்கலாம் சார்தான்.

மூட்டை கிழிந்த அன்றைக்குக் காவலாளி வேலைக்கு நேர்காணல் நடந்துகொண்டிருந்தது. வந்தவர்களில் ஒருவர் கதவுக்குள் பக்கவாட்டில் திரும்பித்தான் நுழைந்தார். மேலாளர் சான்றிதழ் எதையும் பார்க்கவில்லை.

"உங்க எடை என்ன?"

"நூத்திப் பதினெட்டு சார்."

"நாளைக்கே வந்துடுங்க."

அந்த எண்ணைக் கேட்டு ஒரு மனிதர் முகம் மலர்ந்ததை அவர் அதுவரை பார்த்ததில்லை. கிளம்பும்போது மேலாளர் ஒரு வார்த்தை சேர்த்துக்கொண்டார்: "உடம்பைப் பத்திரமா வெச்சுக்குங்க. குறைஞ்சா வேற ஆளைத்தான் பாக்கணும்."

சோதனைப் பதிவேட்டில், 'சாதனம்' என்ற கட்டத்தில், 'நிலையான பாரம் - 1' என்று எழுதப்பட்டது. அன்றிலிருந்து தொழிற்சாலையில் அவருக்குப் பாரம் அண்ணன் என்று பெயர். வாங்குகிறவர்களுக்குப் போகும் சான்றிதழிலும் 'நிலையான பாரம் கொண்டு சோதிக்கப்பட்டது' என்றுதான் அச்சடித்திருந்தார்கள். அந்தப் பாரம் மத்தியானம் ஒரு மணிக்குச் சாப்பிடப் போகும் என்பதைச் சான்றிதழ் சொல்லவில்லை.

இந்த வருஷம் அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. மாடி ஏறும்போது மூச்சு வாங்குகிறது என்று மருத்துவரிடம் போனார். அந்த அம்மா எல்லாக் காகிதத்தையும் புரட்டிவிட்டு, பேனாவை மூடினார்.

"இருபது கிலோ இறக்கணும். இல்லைன்னா உங்க இதயத்துக்கு நான் பொறுப்பில்லை."

"என் வேலையே இதுதாங்க டாக்டர்."

"எது?"

"எடை."

மருத்துவர் மனைவியைப் பார்த்தார். மனைவி, "நான் பாத்துக்கறேன் டாக்டர்" என்றாள். அவள் தையல்காரி. சொன்னால் செய்கிற ரகம். அவள் சொல்கிற 'பாத்துக்கறேன்' வேறு ஜாதி. மேலாளர் சொல்வதோடு சேர்த்துப் பார்க்கவே கூடாது. அன்றைக்கு ராத்திரியே தட்டு சின்னதாயிற்று. எண்ணெய் டப்பா அலமாரியின் மேல்தட்டுக்குப் போனது. ஏறி எடுக்க வீட்டில் ஏணி இல்லை.

மூன்று வாரம் கழித்து, சரக்கு அனுப்புகிற இடத்தில் இருந்த தராசில் சும்மா ஏறினார். நூற்றுப் பன்னிரண்டு. அந்த மூன்று வாரத்தில் நாற்பத்தோரு ஏணியைச் சோதித்து அனுப்பியிருந்தார். எல்லாவற்றிலும் நூற்றைம்பது என்று அவர் கையெழுத்து.

சொல்லிவிடலாம். சொன்னால் வேற ஆள் வந்துவிடுவார். அந்த வேற ஆள் யாரென்பது எல்லோருக்கும் தெரியும்: மேலாளருடைய மச்சினன், நூற்றிருபத்தாறு கிலோ, இப்போதைக்கு வேலையில்லை. மாதம் ஒருமுறை மாமாவைப் பார்க்க வருகிற சாக்கில் சரக்குத் தராசில் ஏறி நின்று, "அட, இன்னும் ரெண்டு கூடியிருக்கே" என்று பாரம் அண்ணன் காதில் விழும்படி சொல்லிவிட்டுப் போவான்.

அன்று மாலை பாரம் அண்ணன் கழிவு டப்பாவிலிருந்து, சாரம் பூட்டுகிற பெரிய இரும்பு போல்ட்டுகளில் ஆறு கிலோ எடுத்து மதியச் சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

"என்னங்க இது?"

"நீ கரைச்ச ஆறு கிலோ. இதை எங்கேயாவது வெச்சுத் தை."

அவள் அளவு நாடாவை எடுத்தாள். பனியனுக்குள் போடுகிற மாதிரி ஒரு கெட்டித்துணி உள்சட்டை தைத்தாள். முன்னும் பின்னும் வரிசையாகச் சின்னச் சின்னப் பைகள். தொப்பை போன இடத்தில் போல்ட் வந்து உட்கார்ந்தது. வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு உருவம் அப்படியே இருந்தது. முகம் மட்டும் ஒட்டியது. அதற்குத் தாடி வளர்த்துக்கொண்டார்.

அதன்பிறகு தினமும் எல்லோருக்கும் அரைமணி முன்னால் வருவார். தராசில் ஏறுவார். முள் நூற்றுப் பதினெட்டைத் தொடும் வரை போல்ட் சேர்ப்பார். தேதி, உடம்பு எவ்வளவு, இரும்பு எவ்வளவு என்று ஒரு துண்டு நோட்டில் எழுதிக்கொள்வார். நோட்டின் முதல் பக்கத்தில் மட்டும், முந்தைய மூன்று வாரத்து நாற்பத்தோரு ஏணிகளின் எண்கள். அந்தப் பக்கத்தைத் திருப்பும்போதெல்லாம் அவருக்கு மருத்துவர் எச்சரித்த அதே இடத்தில் ஏதோ பிடித்தது.

இப்படி ஐந்து மாதம் போயிற்று. உடம்பு தொண்ணூற்றொன்பதில் வந்து நின்றுகொண்டது, இரும்பு பத்தொன்பது.

அப்போதுதான் தலைமை அலுவலகத்திலிருந்து அந்தக் கடிதம் வந்தது. நேர்மைப் புகார்ப் பெட்டி வைத்து ஒன்பது மாதமாகியும் மேற்படி கிளையிலிருந்து ஒரு புகாரும் வரவில்லை, அங்கே எல்லோரும் மகான்களாக இருக்க வேண்டும், அல்லது எல்லோரும் பயந்துபோயிருக்க வேண்டும், இரண்டுமே கவலைக்குரியது, எனவே காலாண்டுக்குக் குறைந்தது மூன்று புகார்களை எதிர்பார்க்கிறோம் என்று அதில் கண்டிருந்தது.

மேலாளர் அதை அலுவலக எழுத்தரிடம் தள்ளினார். முத்திரைக் கட்டை அவள் மேசையில் இருப்பதால் அவளை முத்திரையக்கா என்பார்கள். 'கிளை நேர்மை அலுவலர்' என்ற பதவியும் போன வருஷத்திலிருந்து அவளுக்குத்தான். கூட்டம் நடந்த அன்றைக்கு அவள் விடுப்பில் இருந்ததால் ஏகமனதாகத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள்.

முத்திரையக்கா எதையும் ஒழுங்காகச் செய்கிறவள். யார் மனமும் நோகக் கூடாதென்று ஒரு சுழற்சிப் பட்டியல் போட்டாள். இந்த மாதம் இன்னார் மேல் இன்னார் புகார் எழுத வேண்டும். புகாருக்கு உள்ளாகிறவர், 'எனக்குச் சம்மதம்' என்று அடியில் கையெழுத்துப் போட வேண்டும். புகார் சின்னதாக இருக்க வேண்டும், ஆனால் ரொம்பச் சின்னதாக இருக்கக் கூடாது.

முதல் மாதம் அமர்க்களமாகப் போயிற்று. லேபிள் ஒட்டுகிறவர் இரண்டு பேனாவை வீட்டுக்குக் கொண்டுபோனார் என்று ஒரு புகார். 'எழுதுறதுதான் எழுதுறே, நாலுன்னு எழுதுப்பா, கௌரவமா இருக்கும்' என்று அவரே திருத்தினார்.

இரண்டாவது மாதம் பாரம் அண்ணன் மேல் எழுத வேண்டிய முறை, ரிவெட் அடிக்கிறவனுக்கு வந்தது. நல்லவன். கற்பனை சுத்தமாகக் கிடையாது.

"அண்ணே, உங்க மேல என்ன எழுதட்டும்?"

"எதையாவது எழுதுப்பா. சம்மதத்துல போட்டுட்டேன் பாரு, கையெழுத்து."

அவன் இரண்டு நாள் பேனாவைக் கடித்தான். இல்லாததை யோசிக்க வரவில்லை. பார்த்ததை எழுதிவிட்டான்: 'மேற்படி அண்ணன் நடக்கும்போது சட்டைக்குள் இரும்புச் சத்தம் கேட்கிறது. போன பதினேழாம் தேதி கழிவறைக்குப் போகும் வழியில் அவரிடமிருந்து ஒரு போல்ட் விழுந்தது. கம்பெனி போல்ட். இத்துடன் இணைத்துள்ளேன்.'

முத்திரையக்கா படித்தாள், சிரித்தாள், முத்திரை குத்தினாள். புகாரையும் போல்ட்டையும் சம்மதத்தாளையும் ஒன்றாகக் கட்டித் தபாலில் சேர்த்தாள். சம்மதத்தாளைக் கிளையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அவளுக்குப் போல்ட்டைப் பொட்டலம் கட்டுகிற மும்முரத்தில் மறந்துபோயிற்று.

தலைமை அலுவலகத்தில் நாலு பேனாவை யாரும் சட்டை செய்யவில்லை. போல்ட்டைச் செய்தார்கள். குற்றம் சாட்டப்பட்டவரே 'எனக்குச் சம்மதம்' என்று கையெழுத்துப் போட்டுத் திருட்டை ஒப்புக்கொண்ட வழக்கு அவர்கள் அனுபவத்தில் இதுதான் முதல். பத்தாவது நாள் விசாரணைக்கு ஓர் அம்மா வருகிறார் என்று தந்தி வேகத்தில் மின்னஞ்சல் வந்தது.

அவர் வருவதற்கு முதல்நாள் மாலை மேலாளர் பாரம் அண்ணனை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"இதப் பாருங்க. ஆமா எடுத்தேன், தப்புதான்னு ஒரே வரி சொல்லிடுங்க. ஒரு எச்சரிக்கைக் கடிதம் குடுப்பாங்க. அவ்வளவுதான். அந்தம்மா இந்த அறையோட திரும்பிப் போயிடணும், சோதனைக் கொட்டகைப் பக்கம் வரவே கூடாது. வந்தா மூட்டை எங்கேன்னு கேப்பாங்க. நான் உங்களைக் காட்டணும்."

"நான் திருடலையே சார்."

"யாருங்க திருடினீங்கன்னு சொன்னா? ஒத்துக்கத்தானே சொல்றேன். வேலை உங்களுக்குத்தான். மத்ததைப் பாத்துக்கலாம்."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். அவள் ஊசியில் நூல் கோத்தபடியே கேட்டுக்கொண்டாள்.

"ஆக, பொய் சொன்னா வேலை இருக்கும். நிஜத்தைச் சொன்னா அந்த மச்சினன் வந்து ஏறிடுவான்."

"ஆமா."

"திருடன்னு பேர் வாங்கிட்டு இந்த வீட்டுக்குள்ள வராதீங்க. இளைச்சவன்னு பேர் வாங்கிட்டு வாங்க. அதுக்குத்தான் நான் எட்டு மாசமா உங்களோட மல்லுக்கட்டினது."

"வேலை போயிடுமே."

"போனா பித்தான் தைக்க உக்காருங்க. அதுக்கு எடை வேண்டாம்."

மறுநாள் வந்த விசாரணை அம்மா ஒல்லியாக இருந்தார். சொந்தமாகத் தண்ணீர் பாட்டில் கொண்டுவந்திருந்தார். மேலாளர் வரவழைத்த எதையும் தொடவில்லை. மேசைமேல் போல்ட் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் கிடந்தது. மேலாளரும் முத்திரையக்காவும் ஓரமாக உட்கார்ந்திருந்தார்கள்.

"இது உங்ககிட்ட இருந்து விழுந்ததா?"

"ஆமாங்க."

"இந்தப் புகாருக்குச் சம்மதம்னு நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

"அது என் முறைங்க."

"என்ன முறை?"

முத்திரையக்கா எழுந்து நின்று, சுழற்சிப் பட்டியலைப் பற்றி விவரமாக, பெருமை குறையாமல் எடுத்துச் சொன்னாள். அடுத்த மூன்று காலாண்டுக்கும் தயாராக இருப்பதாகவும் சொன்னாள். விசாரணை அம்மா நெற்றியை இரண்டு விரலால் அழுத்திக்கொண்டார்.

"சரி. போல்ட்டை எடுத்தீங்களா இல்லையா?"

மேலாளர் தொண்டையைச் செருமினார். பாரம் அண்ணன் அவரைப் பார்த்தார், உறையைப் பார்த்தார். ஒரே வரி. 'ஆமா எடுத்தேன், தப்புதான்.' நாக்கு நுனி வரை வந்துவிட்டது. சட்டைக்குள் பத்தொன்பது கிலோவும் ஒரே சமயத்தில் கனத்தது.

"எடுத்தேங்க. ஆனா திருடலை. மாட்டியிருக்கேன்."

மேல்சட்டையின் பித்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். முத்திரையக்கா, "அய்யோ அண்ணே" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு, பிறகு விரலிடுக்கில் பார்த்தாள். உள்ளே போர்வீரன் கவசம் மாதிரி வரிசை வரிசையாக போல்ட்.

அதன்பிறகு அவர் நிறுத்தவில்லை. மணல் மூட்டை கிழிந்ததிலிருந்து ஆரம்பித்தார். மருத்துவர், மனைவி, தராசு எல்லாம் சொன்னார். மேலாளர் நடுவில் மூன்று முறை "அதாவது மேடம்" என்றார். ஒருமுறையும் அதாவதுக்கு அப்புறம் ஒன்றும் வரவில்லை.

"இதுக்கெல்லாம் என்ன ஆதாரம்?" என்றார் அந்த அம்மா.

துண்டு நோட்டு மேசைக்கு வந்தது. அவர் பக்கம் பக்கமாகப் புரட்டினார். பதினெட்டாம் தேதிக்கு நேரே எழுதியிருந்தது: 'நேற்று ஒன்று காணோம். வேறு ஒன்று போட்டாயிற்று. 118.' அந்த அம்மா உறைக்குள் இருந்த போல்ட்டையும் புகாரில் இருந்த தேதியையும் நோட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தராசு எங்கே இருக்கு?"

எல்லோரும் சரக்கு அனுப்புகிற இடத்துக்குப் போனார்கள். வேலை அப்படியே நின்று கூட்டம் கூடிவிட்டது. கவசத்தோடு ஏறினார்: நூற்றுப் பதினெட்டு. கழற்றிவிட்டு ஏறினார்: தொண்ணூற்றொன்பது. "அடப்பாவி, இத்தனை நாளா தாடியை வெச்சு ஏமாத்திட்டாரே" என்று யாரோ சொன்னார்கள். ரிவெட் அடிக்கிறவன் கண்கலங்கி, "அண்ணே, நான் சும்மா முறைக்குத்தான் எழுதினேன்" என்று கையைப் பிடித்துக்கொண்டான்.

விசாரணை அம்மா குறிப்பேட்டை மூடப்போனார். திருட்டு இல்லை என்று ஆகிவிட்டது. இத்தோடு அண்ணன் வாயை மூடிக்கொண்டால் இரும்போ உடம்போ, ஏணிகள் நூற்றைம்பதில்தான் நின்றன என்று முடிந்துவிடும். அவரை வெளியே அனுப்பவும் பெரிய காரணம் இருக்காது. பாரம் அண்ணன் தராசிலிருந்து இறங்காமல் நின்றார்.

"இன்னும் ஒண்ணு இருக்குங்க. நோட்டுல முதல் பக்கம். நாப்பத்தோரு ஏணி. அப்ப நான் இளைச்சது எனக்கே தெரியாது. அதெல்லாம் நூத்தைம்பதுல நிக்கலை. நூத்தைம்பதுன்னு கையெழுத்துப் போட்டது நான்தான்."

மேலாளருக்கு வாய்ப்புக் கிடைத்துவிட்டது.

"பாத்தீங்களா மேடம்! இவருக்கு எடைக்குத்தான் வேலை குடுத்தேன். அதுவே இல்லை. இன்னிக்கே நிறுத்திடலாம். வேற ஆள் தயாரா இருக்கு."

"அப்படியே எழுதிக் குடுங்க" என்றார் அந்த அம்மா.

"என்னன்னு மேடம்?"

"பதினோரு வருஷமா மூட்டைக்குப் பதிலா ஒரு மனுஷனை ஏத்தி ஏணியைச் சோதிச்சோம், இப்ப அவர் இளைச்சதால வேலையை விட்டு நிறுத்தறோம். கீழே உங்க கையெழுத்து. இன்னிக்கே வேணும்."

மேலாளர் பேனாவைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார். அந்த வாக்கியத்தில் பாரம் அண்ணனைவிட அவர்தான் அதிகமாக மாட்டிக்கொள்கிறார் என்பது, அன்றைக்கு அங்கே நின்றவர்களில் லேபிள்காரருக்குக்கூடப் புரிந்தது.

"பாத்துக்கலாம் மேடம்" என்றார் கடைசியில்.

"நான் பாத்துட்டேன்" என்றார் அந்த அம்மா.

இரண்டு வாரத்தில் உத்தரவு வந்தது. ஆறு மணல் மூட்டைகள் அனுப்பப்படுகின்றன. நாற்பத்தோரு ஏணிகளும் திரும்ப வரவழைக்கப்பட்டுச் சோதிக்கப்பட வேண்டும். சுழற்சிப் பட்டியல் ரத்து. மேலாளர் மூன்று நாள் நேர்மைப் பயிற்சிக்குப் போக வேண்டும்; கடைசி நாள் எழுத்துத் தேர்வு உண்டு. பாரம் அண்ணன் வேலையில் தொடரலாம். ஆனால் அனுமதிச் சீட்டில்லாமல் தினமும் போல்ட்டுகளை வெளியே கொண்டுபோனதற்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம். அனுமதிச் சீட்டில்லாமல் தினமும் உள்ளே கொண்டுவந்ததற்கு இன்னொன்று. மனைவி இரண்டையும் தையல் மெஷினுக்கு மேலே ஆணியில் மாட்டினாள்.

நாற்பத்தோரு ஏணியில் நாற்பது வந்து சேர்ந்தன. ஒரு வர்ணம் பூசுகிறவர், சுவர் பாதியில் நிற்கிறது, முடித்துவிட்டுத்தான் இறங்குவேன் என்று சொல்லி நாலு நாள் கழித்து அனுப்பினார். கடைசியாக வந்த அந்த ஏணிதான், ஆறாவது மூட்டையை வைக்கும்போது முனகி, நூற்றைம்பதில் மூன்றாவது படியின் ரிவெட்டைத் துப்பியது. ரிவெட் தெறித்து மேலாளர் அறைக் கண்ணாடி வரைக்கும் போயிற்று. ரிவெட் அடிக்கிறவன் அதைத் தேடி எடுத்துவந்து தன் மேசையில் வைத்துக்கொண்டான். அன்றிலிருந்து ஒவ்வொரு ரிவெட்டையும் இரண்டு தடவை தட்டிப் பார்க்கிறான்.

மணல் மூட்டைகளை ஏற்றி இறக்குகிற வேலை இப்போது பாரம் அண்ணனுக்கு. இருபத்தைந்து கிலோ மூட்டை ஆறு. ஏணிக்கு ஒருதரம் மேலே, ஒருதரம் கீழே. இரண்டு மாதத்தில் இன்னும் எட்டு கிலோ இறங்கிவிட்டார். மருத்துவர் போதும் என்கிறார். மனைவி எண்ணெய் டப்பாவைக் கீழ்த்தட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறாள். மச்சினன் மட்டும் இன்னும் வருகிறான். தராசில் ஏறுவதை விட்டுவிட்டான்.

பழக்கம் போகவில்லை. தினமும் அரைமணி முன்னால் வந்து தராசடியில் நிற்கிறார். இப்போது மூட்டைகளை நிறுக்கிறார். துண்டு நோட்டில் எழுதுகிறார். போன செவ்வாய்க்கிழமை நாலாம் எண் மூட்டை இருபத்து நான்கு கிலோ நானூறு கிராம் காட்டியது. அடியில் ஒரு சின்ன ஓட்டை.

அன்றைக்கு ஒரு ஏணியையும் அவர் சோதிக்கவில்லை. நேராக அலுவலகத்துக்குப் போய், புகார்ப் படிவம் ஒன்று கேட்டு வாங்கி, நிறுத்தி நிதானமாகப் பூர்த்திசெய்து முத்திரையக்காவிடம் நீட்டினார்.

"அண்ணே, சுழற்சிதான் போயிடுச்சே."

"இது சுழற்சி இல்லம்மா. நெசம்."

"நெசமாவா?" அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். "யார் மேல?"

"நாலாம் நம்பர் மூட்டை மேல. இளைச்சிட்டு வருது. வெளிய சொல்லாம நின்னுக்கிட்டிருக்கு."

முத்திரையக்கா கடைசி வரி வரைக்கும் படித்தாள். முத்திரைக் கட்டையை மையில் ஒற்றினாள். குத்தப்போனவள், பழைய ஞாபகத்தில் சட்டென்று நிமிர்ந்தாள்.

"எல்லாம் சரிண்ணே. மூட்டைகிட்டச் சம்மதக் கையெழுத்து வாங்கியாச்சா?"